ஜமக்காளத்தை வீட்டிலேயே படம் எடுக்க வெளிச்சம் வைக்கும் முறை

பவானி ஜமக்காளம், சென்னிமலை பெட்ஷீட், திருப்பூர் பனியன் என்று ஆன்லைனில் விற்கிறவங்க முதல்ல கவனிக்க வேண்டியது கேமராவை அல்ல, வெளிச்சத்தைத்தானுங்க. நல்ல போன் ஒன்று இருந்தால் போதும்.

துணிக்கு நேர் எதிரே லைட் வைக்காதீங்க. நெசவெல்லாம் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில், துணியை உரசிக்கொண்டு போகிற மாதிரி தாழ்வாக வையுங்க. ஒவ்வொரு இழைக்கும் சின்ன நிழல் விழும், ஜமக்காளத்தின் முரட்டு நெசவு அப்போதுதான் படத்தில் எழுந்து நிற்கும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் இருட்டு குறையும்.

நிழல் ரொம்பக் கடுமையாக இருந்தால் லைட்டுக்கு முன்னால் வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டுங்க. எல்இடி லைட்டாக இருக்கட்டும். சூடாகிற ஹாலஜன் பக்கத்தில் துணி கட்டுவது ஆபத்து. லைட்டைப் படம் எடுக்கிற துணியிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் கிட்டத்தட்ட கால்வாசியாகிவிடும், அதனால் ஸ்டாண்டை நகர்த்தும்போது கொஞ்சங் கொஞ்சமாக நகர்த்துங்க.

நிறம் மாறினால் சரக்கு திரும்பி வந்துவிடும். சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்கிற அளவு) 90க்கு மேல், 5000 முதல் 5600 கெல்வின் (பகல் வெளிச்சம் மாதிரியான வெள்ளை நிறம்) வரை உள்ள லைட்டை வாங்குங்க. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்க. பச்சை, ரோஸ் சுவர் இருந்தால் அதன் சாயல் துணியில் விழும், வெள்ளை பெட்ஷீட்டால் மூடிவிடுங்க. படத்தில் கோடு கோடாக வந்தால் ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடிக்கு மாற்றிப் பாருங்க.