நெட்வொர்க் லாக் ஆன போனை அன்லாக் செய்து வாங்குவது எப்படி

போனை விற்ற மொபைல் நிறுவனத்தின் சிம் மட்டுமே வேலை செய்யும்படி பூட்டி வைப்பதுதான் நெட்வொர்க் லாக்; அதைத் திறக்க அந்த நிறுவனத்திடமே கேட்க வேண்டும். முதலில் போன் உண்மையிலேயே லாக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கீழே இறங்கினால் ‘கேரியர் லாக்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால் போன் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது, யாரிடமும் போய் நிற்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் சுலபமான வழி, வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்ப்பது. அன்லாக் பின் நம்பர் கேட்டால் லாக்தான்.

அடுத்து *#06# அடித்து, வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, எழுதி வையுங்கள். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் வரும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே அந்த மொபைல் நிறுவனத்தில் உள்ள கணக்கு எண், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய விவரம், வாங்கிய பில் எல்லாம் கையில் இருக்கட்டும். பழைய போனை வேறொருவரிடமிருந்து வாங்கியிருந்தால் இங்கேதான் சிக்கல் வரும், ஏனென்றால் பல நிறுவனங்கள் முதல் உரிமையாளர் கேட்டால்தான் அசைந்துகொடுக்கும். அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

தவணை பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள். பணம் கட்டிய அன்றே கேட்காதீர்கள், கணக்கில் பாக்கி பூஜ்யம் என்று காட்டிய பிறகு கேளுங்கள். இல்லாவிட்டால் கணினி உங்கள் கோரிக்கையைத் தானாகவே தள்ளிவிடும், நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். திருடு போனதாகவோ தொலைந்ததாகவோ புகார் பதிவான போனை எந்த நிறுவனமும் திறந்து தராது.

கேட்கும்போது ‘போன் லாக் ஆகிவிட்டது’ என்று மட்டும் சொன்னால், ஸ்கிரீன் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று நினைத்து ரீசெட் செய்யச் சொல்வார்கள். ‘நெட்வொர்க் அன்லாக் வேண்டும், வேறு சிம் போட வேண்டும்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். போனில் பேசுவதைவிட சாட்டிலோ மின்னஞ்சலிலோ கேட்பது நல்லது, எழுத்தில் பதில் கிடைக்கும். கோரிக்கை எண்ணை வாங்காமல் விடாதீர்கள். மறுத்தால் ‘என்ன காரணம், எந்தத் தேதிக்குப் பிறகு தகுதி வரும்’ என்று அந்த இரண்டை மட்டும் கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் மேலதிகாரியிடம் மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் நாட்டு விதியையும் தெரிந்துகொண்டு பேசுங்கள், பேச்சே மாறிவிடும். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதுப் போன்களை லாக் இல்லாமல்தான் தர வேண்டும், பழையதையும் கேட்டால் இலவசமாகத் திறந்து தர வேண்டும். பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து லாக் செய்து விற்கவே தடை. அமெரிக்காவில் சிடிஐஏ என்ற மொபைல் நிறுவனங்களின் சங்கம் வகுத்த நெறிமுறையை ஏற்ற நிறுவனங்கள் 2 வேலை நாட்களுக்குள் திறக்க வேண்டும், அல்லது ஏன் முடியாது, ஏன் தாமதம் என்று சொல்ல வேண்டும்.

சரி, ஒப்புதல் வந்துவிட்டது. ஐபோனுக்கு அன்லாக் கோடு (திறப்பதற்கான எண்) எதுவும் வராது. புது சிம்மைப் போட்டு வைஃபையில் இணைத்தால் போதும், அப்படியும் திறக்கவில்லை என்றால் பேக்கப் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அழித்து மீட்டமையுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஒரு கோடு அனுப்புவார்கள். அதை அவசரப்படாமல் ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்து அடியுங்கள், தவறான முயற்சிகளுக்கு எண்ணிக்கை உண்டு, அது தீர்ந்தால் போன் கோடு வாங்குவதையே நிறுத்திவிடும். இணையத்தில் கிடைக்கும் இலவசக் கோடுகளை அடித்துப் பார்த்து அந்த வாய்ப்புகளைத் தயவுசெய்து வீணாக்காதீர்கள்.

பயணத்துக்காகத் திறக்கிறீர்கள் என்றால் கிளம்பும் முன்பே வேறு சிம் போட்டு ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள், டேட்டாவையும் பாருங்கள். போனுக்குள்ளேயே இருக்கும் டிஜிட்டல் சிம்மான இ-சிம்முக்கும் இதே லாக் பொருந்தும். அன்லாக் ஆன போனிலும் சிக்னல் சரியாக இல்லை என்றால், போகும் இடத்தின் அலைவரிசைகளை அந்த மாடல் ஆதரிக்காமல் இருக்கலாம்; அதை எந்தக் கோடாலும் மாற்ற முடியாது, மாடல் எண்ணை வைத்து முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.