பழைய பீட்டிலுக்கு எந்தப் பெட்ரோல், எந்த எண்ணெய்?

பினாங்கில் பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் பலர் பெட்ரோலில் பணத்தைக் கொட்டுகிறார்கள். எண்ணெயில் மிச்சம் பிடிக்கிறார்கள். பிறையில் பட்டறை வைத்திருக்கும் என்னைக் கேட்டால் இதை அப்படியே திருப்பிச் செய்யுங்கள் என்பேன்.

"அண்ணா, தொண்ணூற்றேழு பெட்ரோல் ஊற்றினால் வண்டி நன்றாக இழுக்குமா?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது எஞ்சினின் அழுத்த விகிதத்தை, அதாவது பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையைச் சிலிண்டர் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதை. பழைய 1200 சிசி எஞ்சினுக்கு அது 7க்கு 1. 1300, 1500, 1600 எஞ்சின்களுக்கு 7.3இலிருந்து 7.7 வரை. இந்த எஞ்சின்களுக்குக் கம்பெனிக் கையேடு கேட்டதே 87 அல்லது 91 ரோன்தான் (ரோன் என்பது பெட்ரோலின் ஆக்டேன் எண்). நம் நாட்டில் 2009 செப்டம்பரில் ரோன்92 போய் ரோன்95 வந்துவிட்டது. ஆக, பம்பில் கிடைக்கும் மிக மலிவான பெட்ரோலே உங்கள் வண்டி கேட்பதைவிட உசத்தி. ஆக்டேன் எண்ணைப் பெட்ரோலின் பலம் என்று நினைப்பதால்தான் இந்த வீண் செலவு. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது கலவை தானாகப் பற்றி வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 7.5 அழுத்தத்தில் ஓடும் எஞ்சினுக்கு ரோன்100 ஊற்றினால் பெட்ரோல் நிலையத்துக்காரருக்குத்தான் லாபம்.

பெரிய பிஸ்டன் போட்டு 1776 ஆக்கியவர்களும், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைச் சீவி அழுத்தத்தை 9 பக்கம் ஏற்றியவர்களும் ரோன்97 ஊற்றுங்கள். காற்றால் குளிரும் எஞ்சின் சும்மாவே சத்தம் போடும் என்பதால் அதில் கலவை தானாக வெடிக்கும் ஓசை, அதாவது நாக்கிங், காதில் விழுவது கடினம். ஜாலான் துன் சார்டோனில் பாலிக் புலாவ் நோக்கி ஏறும்போது மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, மலைச் சுவர் பக்கம் காது கொடுங்கள். தகர டப்பாவில் ஆணியைக் குலுக்குவது போன்ற ஓசை கேட்டால் உடனே கால் எடுங்கள். மாற்றாத எஞ்சினில் இது கேட்டால் பெட்ரோலை மாற்றுவதற்கு முன் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

ஈயம் இல்லாத பெட்ரோல் வால்வைத் தின்றுவிடும் என்று பயமுறுத்தி ஒரு சின்னப் புட்டி திரவத்தை விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பீட்டிலின் ஹெட் அலுமினியம். வால்வு உட்காரும் இடத்தில் கடினமான எஃகு வளையம் முதலிலிருந்தே இருக்கிறது. புட்டி வேண்டாம்.

பெட்ரோலில் நான் உண்மையிலேயே பயப்படுவது எத்தனாலுக்கு. நம் பம்புகளில் அந்தக் கவலை இல்லை. ஆனால் விடுமுறை கிடைத்தால் ஹாட்யாய்க்குக் கிளம்பிவிடும் கூட்டம் நம்முடையது. தாய்லாந்தில் காசோஹோல் என்று விற்பதில் பத்து விழுக்காடு எத்தனால் இருக்கும். இ20 என்றால் இருபது. அது பழைய ரப்பர் குழாயை ஊறவைத்துப் பிளக்கும். கலவையில் காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லாமல் வறட்டும், அதனால் எஞ்சின் கூடுதலாகச் சூடேறும். சங்லூனில் டாங்கியை நிரப்பிக்கொண்டு எல்லை தாண்டுங்கள். நாற்பது லிட்டரில் ஹாட்யாய் போய்ச் சுற்றித் திரும்பிவரத் தாராளமாகப் போதும்.

எத்தனால் பட்டாலும் படாவிட்டாலும் துணி சுற்றிய அந்தப் பழைய பெட்ரோல் குழாய்களை மாற்றிவிடுங்கள். ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட குழாயைக் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் ஃபில்டரை எஞ்சின் அறைக்குள் தொங்கவிடாமல், கியர்பெட்டிப் பக்கம் பம்புக்கு முன்னால் கீழே வையுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழலை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அன்று வண்டியை எடுக்க வேண்டாம். அதற்குக் கீழேதான் டிஸ்ட்ரிபியூட்டர் பொறி விட்டுக்கொண்டிருக்கிறது.

இனி எண்ணெய். இந்த எஞ்சினில் தண்ணீர் கிடையாது. காற்றோடு சேர்ந்து சூட்டைச் சுமப்பது எண்ணெய்தான். அதுவும் மொத்தம் இரண்டரை லிட்டர். ஃபில்டரும் கிடையாது, ஒரு கம்பி வலை மட்டும். பழைய எஞ்சின்களில் எண்ணெய் கூலர் காற்றுக் கூண்டுக்குள்ளேயே மூன்றாம் சிலிண்டருக்கு எதிரில் நின்று காற்றை மறைக்கும். மூன்றாம் சிலிண்டரின் வால்வுதான் முதலில் போகும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். 1971 மாடல் 1600இல் கூலரைத் தள்ளி வெளியே வைத்துவிட்டார்கள்.

பட்டறைக்கு வருபவர்கள் பலருக்கு எண்ணெய் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம். கூலருக்குப் போகும் வழியில் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு இருக்கிறது. எண்ணெய் கெட்டியாக இருந்து அழுத்தம் ஏறினால் அது திறந்துகொள்ளும். எண்ணெய் கூலர் பக்கமே போகாமல் நேரே எஞ்சினுக்குள் ஓடும். அளவுக்கு மீறிக் கெட்டியாக ஊற்றினால் கூலர் சும்மா நிற்கும் நேரம்தான் கூடும்.

புதிதாகப் பிரித்துப் பூட்டிய, இறுக்கமான எஞ்சினுக்கு 15டபிள்யூ-40 போதும். அதிலும் டீசல் லாரிகளுக்கு விற்கும் சிஐ-4 தரம் எனக்குப் பிடித்தது. அழுக்கைக் கரைத்துச் சுமக்கும் சக்தியும் துத்தநாகமும் பாஸ்பரஸும் அதில் தாராளம். வால்வுகளைத் திறக்கும் நம் கேமும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று நேராக உரசுபவை. அவற்றுக்கு நடுவே தேய்மானத்தைத் தடுப்பது அந்த இரண்டும்தான். நிறைய ஓடித் தளர்ந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50. பினாங்கில் பனியா பெய்கிறது, குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்று சொல்லும் முன் எண்ணைப் பற்றிக் கவலைப்பட? சூட்டில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் பின் எண்ணைப் பாருங்கள்.

புதிய கார்களுக்கான 5டபிள்யூ-30ஐத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக அதில் பாஸ்பரஸை 0.08 விழுக்காட்டுக்குள் அடக்கிவிட்டார்கள். புட்டியின் பின்பக்க முத்திரையில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்றிருந்தால் திரும்ப அலமாரியில் வையுங்கள். முழு சிந்தெட்டிக் கெடுதல் இல்லை. ஆனால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் புஷ்ராட் குழாய் சீல் பழசாக இருந்தால், விலை உயர்ந்த அந்த எண்ணெய் வீட்டு முற்றத்தில்தான் போய்ச் சேரும்.

சரியான எண்ணெய்தானா என்பதை எண்ணெய் விளக்கு சொல்லும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு, சூடாக, ஐட்லிங்கில் விளக்கு லேசாக மினுக்கி, ஆக்சிலேட்டரைத் தொட்டவுடன் அணைந்தால் ஓட்டலாம். அணையாமல் நின்றால் கேஜ் மாட்டி அளந்து பார்க்க வேண்டும். 2500 சுற்றில், சூடான எண்ணெயில் 28 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். எந்த எண்ணெயும் அதைச் சரிசெய்யாது.

எண்ணெய் மாற்றக் கம்பெனி சொன்னது 5000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. ஃபில்டர் இல்லாத வண்டிக்கு நான் 3000 என்பேன். சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் வண்டி என்றால் ஆறு மாதம். அப்படிக் குட்டி ஓட்டம் ஓடுகிற வண்டியில் எண்ணெய் மூடியின் உள்பக்கம் காப்பி நிறத்தில் நுரை படிந்திருக்கும். ஆவியாகாத ஈரம் அது. ஞாயிற்றுக்கிழமை தெலுக் பாஹாங் வழியாகத் தீவைச் சுற்றிவிட்டு வாருங்கள், போய்விடும்.

எண்ணெயைச் சாயங்காலம் மாற்றத் தொடங்குங்கள். வண்டியை ஓட்டிச் சூடாக்கி, முதலில் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, அளவும் ஏறியிருந்தால் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது; அதை மாற்றாமல் புதிய எண்ணெய் ஊற்றுவது வீண். பிறகு கீழ்த்தட்டின் ஆறு நட்டுகளைப் பத்தாம் நம்பர் ஸ்பானரால் கழற்றுங்கள். தட்டு, ஒரு கேஸ்கட், வலை, இன்னொரு கேஸ்கட் என்று வரிசையாக வரும். வலையை வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். கறுப்புக் கரித்தூள் வந்தால் கவலை இல்லை. விரலில் தேய்த்தால் மினுமினுக்கும் செதில் வந்தால், காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் வெள்ளியாக மின்னினால் அனேகமாகப் பேரிங் உலோகம். துணியை மடித்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இரவு முழுவதும் வடியட்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வால்வு இடைவெளியை 0.15 மில்லிமீட்டருக்கு வையுங்கள். புதிய கேஸ்கட், புதிய செப்பு வாஷர் போட்டு நட்டுகளை 7 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்காதீர்கள். குட்டி ஸ்பானரை மணிக்கட்டால் திருப்பினாலே அந்த அளவு வந்துவிடும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். சட்டப்படி அது எஸ்டபிள்யூ305 என்ற அட்டவணைக் கழிவு. டிரம் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். இரண்டரை லிட்டர் ஊற்றி, சற்று ஓட்டி, சமதரையில் நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒன்றேகால் லிட்டர் வித்தியாசம். அன்றிரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவையுங்கள். காலையில் ஒரு சொட்டு விழுந்திருந்தால் பரவாயில்லை. தோசை அளவு பரவியிருந்தால் நட்டை மேலும் முறுக்காமல் தட்டு வளைந்திருக்கிறதா என்று பார்த்து, கேஸ்கட்டை மறுபடி மாற்றுங்கள்.