பவளத் தொட்டியில் கால்சியம் குறைகிறதா? பாட்டிலைத் திறக்கும் முன் இதைப் பாருங்கள்

வீட்டில் பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியை அளந்து, டெஸ்ட் கிட்டில் கால்சியம் 380 பிபிஎம் (சுமார் லிட்டருக்கு 380 மில்லிகிராம்) என்று வந்ததும் கடைக்கு ஓடி ஒரு பாட்டில் கால்சியம் கரைசல் வாங்கி ஊற்றிவிடாதீர்கள். இயற்கைக் கடல்நீரிலேயே அது 410, 420 பிபிஎம்தான். வீட்டுத் தொட்டியில் 380க்கும் 450க்கும் நடுவில் எங்கே நின்றாலும் பவளம் வளரும், ஆனால் ஒரே நாளில் தடாலடியாக ஏறி இறங்கினால் தாங்காது. மென்பவளம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வாராவாரம் தண்ணீர் மாற்றினாலே போதும். கீழே வருவது, கால்சியத்தை எடுத்துக் கல் மாதிரி எலும்புக்கூடு கட்டும் கல்பவளம் வளர்ப்பவர்களுக்கு.

படி 1: உப்பு. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு) இருக்கிறதா? 32 என்றால், 420 இருக்க வேண்டிய கால்சியம் 384 என்றுதான் காட்டும். உப்பைச் சரிசெய்தாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

படி 2: மெக்னீசியம், ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு). மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம் வரை இருக்கட்டும். அது குறைந்தால் நீங்கள் ஊற்றும் கால்சியம், தண்ணீரிலுள்ள கார்பனேட்டோடு சேர்ந்து ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளையாகப் படிந்துவிடும், பவளத்துக்குப் போய்ச் சேராது. அதனால் முதலில் மெக்னீசியத்தை ஏற்றுங்கள். ஆல்கலினிட்டி 8 டிகேஎச் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) பக்கத்தில் இருந்தால் நல்லது.

படி 3: ஏற்றுவது. பாறையும் மணலும் அடைத்த இடத்தைக் கழித்து, உண்மையில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். 100 லிட்டரில் 20 பிபிஎம் ஏற்ற கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் சுமார் 7.4 கிராம் வேண்டும். ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள், கரைக்கும்போது சூடாகும், ஆறவிட்டு சம்பில் (மீன்தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு இந்த 20 போதும், 40 வேண்டுமானால் மறுநாள். ஆல்கலினிட்டியை ஏற்றும் கரைசலை அதே நேரத்தில் ஊற்றவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடும், அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பும் கால்சியம் ஹைட்ராக்சைடுதானே, அதைக் கரைத்து ஊற்றிக் கால்சியத்தை ஏற்றலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம், அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்லமுடியாது.

படி 4: தினச் செலவு. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கால்சியம் 420லிருந்து 416 ஆனால் சாதாரண கிட்டில் தெரியவே தெரியாது, ஆல்கலினிட்டி குறைவதோ சட்டென்று தெரியும். பவளம் எலும்புக்கூடு கட்டும்போது 2.8 டிகேஎச் செலவானால் கூடவே சுமார் 20 பிபிஎம் கால்சியமும் போகும். அதனால் மூன்று நாள் எதுவும் ஊற்றாமல், தினமும் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டியை அளந்து எழுதிவையுங்கள். நாளுக்கு 0.5 டிகேஎச் இறங்கினால் கால்சியச் செலவு 3.5 பிபிஎம், அதாவது 100 லிட்டருக்குத் தினம் 1.3 கிராம் டைஹைட்ரேட். ஆல்கலினிட்டியிலும் அந்த 0.5ஐத் தினம் ஈடுகட்டுங்கள்.

பவளம் பெரிதாகப் பெரிதாகச் செலவும் கூடும், அப்புறம் புதுப் பவளம் சேர்த்தாலும் கூடும். அப்போதெல்லாம் நான்காம் படியை மறுபடி செய்யுங்கள்.