ஏற்காடு போனால் எங்கே, எப்போது, எப்படிச் சாப்பிடுவது

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் மூன்று வேளைச் சாப்பாட்டையும் மலையிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள், பிரச்சனையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. மலையில் ஊர் சின்னது. ஏரி, ரவுண்டானா, பஸ் ஸ்டாண்ட், அதை ஒட்டிய கடைவீதி, அவ்வளவுதான். சனி, ஞாயிறு ஆனால் சென்னை வண்டி, பெங்களூரு வண்டி எல்லாம் அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே சாப்பிட இடம் தேடும். மே மாதம் கோடை விழா நேரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால் நான் சொல்வது இதுதான்: காலையும் ராத்திரியும் சேலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மதியம் மட்டும் மலையில். மேலே தங்குகிறவர்களுக்கு வேறு வழி இல்லை, அவர்கள் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் காலை. சேலத்திலிருந்து மேலே சுமார் 30 கிலோமீட்டர், அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நெய் மிதக்கிற பொங்கலையும் பூரியையும் ஒரு கட்டு கட்டிவிட்டு உடனே வண்டியில் ஏறினால் ஏழாவது, எட்டாவது வளைவிலேயே பின்சீட்டுப் பிள்ளைகள் "அப்பா, வண்டிய நிறுத்துங்க" என்பார்கள். இட்லி போதும், இடியாப்பம் இன்னும் நல்லது. சாப்பிட்டு முக்கால் மணி நேரமாவது கழித்து ஏறுங்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் விடியற்காலையிலேயே சேலம் ஜங்ஷனில் இறங்கிவிடுவீர்கள், அந்த நேரத்தில் டீதான் கிடைக்கும். அவசரப்பட்டு நேரே மலைக்குக் கிளம்ப வேண்டாம், குளித்துவிட்டு டவுன் பக்கம் வாருங்கள். செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை, அக்ரஹாரம் மாதிரி பழைய பகுதிகளில் காலை டிபன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பெயர்ப் பலகையைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூட்டை தூக்குகிற அண்ணன்களும் ஆட்டோக்காரர்களும் நின்றுகொண்டே சாப்பிடுகிற கடையில் இட்லி ஆறிப்போக நேரமே இருக்காது, அது போதும்.

உட்கார்ந்ததும் "என்ன இருக்கு?" என்று கேட்டால் பரிமாறுகிறவர் ஒரே மூச்சில் இருபது ஐட்டம் ஒப்பித்துவிடுவார், ஒன்றும் மனதில் நிற்காது. "இப்ப சூடா என்ன இருக்குண்ணா?" என்று கேளுங்கள். பதில் சின்னதாக வரும், உண்மையாகவும் வரும். இந்த ஒரு கேள்வி கீழேயும் செல்லும், மலையிலும் செல்லும்.

மதியச் சாப்பாட்டில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். இரண்டு மணிவரை பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் என்று காட்சி முனைகளைச் சுற்றிவிட்டு, இரண்டரை மணிக்குப் பசியோடு கடைவீதிக்கு வந்தால் மெஸ்களில் சாப்பாடு முடிந்திருக்கும், மிஞ்சியது பரோட்டாவும் ஃப்ரைட் ரைஸும்தான். காரணம் இருக்கிறது. சின்ன மெஸ்ஸில் சமைப்பது வீட்டு ஆட்கள் இரண்டு மூன்று பேர், ஒரு அளவுக்குமேல் வடிக்க மாட்டார்கள். அதோடு ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேக கீழே இருப்பதைவிட நேரம் பிடிக்கும். தீர்ந்த பிறகு இன்னொரு உலை வை என்றால் நடக்கிற காரியமில்லை.

ஆகவே மேலே போன உடனே, காலை பத்து, பத்தரைக்கே, ஒரு மெஸ்ஸைப் பார்த்து வைத்துவிடுங்கள். உள்ளே போய் "அக்கா, நாங்க ஆறு பேர், ஒன்றரைக்கு வருவோம்" என்று சொல்லி, போன் நம்பர் கொடுத்து, கொஞ்சம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டால் உங்கள் பங்கு தனியாக எடுத்து வைக்கப்படும். நாட்டுக்கோழி வேண்டுமென்றால் இது கட்டாயம், ஏனென்றால் அது பிராய்லர் மாதிரி இருபது நிமிஷத்தில் வேகிற சமாச்சாரம் இல்லை. விலையையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்: கிலோ கணக்கா, பிளேட் கணக்கா, சாதம் அதோடு சேர்ந்ததா, தனியா? முழுச் சாப்பாடா, அளவுச் சாப்பாடா? கேட்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை, சாப்பிட்ட பிறகு கல்லாவில் நின்று வாதாடுவதுதான் அசிங்கம். வயசானவர்களும் குழந்தைகளும் இருந்தால் "காரம் கம்மியா" என்று இப்போதே சொன்னால்தான் பலன், இலை போட்ட பிறகு சொன்னால் தயிர்தான் வரும்.

அசைவ மெஸ்ஸில் சாப்பாடு சொன்னாலே சிக்கன் குழம்பு, மட்டன் குழம்பு, மீன் குழம்பு என்று குட்டி வாளிகள் வரிசையாக வரும். கறித்துண்டு இருக்காது, குழம்பு மட்டும். பெரும்பாலும் அதற்குத் தனிக் காசு கிடையாது. எல்லாவற்றையும் ஒரே சோற்றில் ஊற்றிக் குழப்பாமல், சோற்றை நாலு பங்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு கொடுங்கள், ரசத்துக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக. குளிருக்கு மிளகு ரசம் எப்படி இறங்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அதுவும் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்துக்கு மரம் ஏறிக்கிடக்கிற மலையில். சுத்த சைவம் பார்க்கிறவர்கள் இந்த மாதிரி மெஸ்ஸைத் தவிர்த்துவிட்டு சைவ ஓட்டலுக்கே போவது நல்லது, கரண்டி எந்த வாளியிலிருந்து எந்த வாளிக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே சாப்பிட முடியாது. புரட்டாசியில் வருகிறவர்கள் அசைவக் கடை திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள், முக்கியமாகச் சனிக்கிழமைகளில்.

ஏரியைச் சுற்றி பஜ்ஜிக் கடைகள். மிளகாய் பஜ்ஜி சாப்பிடாமல் ஏற்காட்டிலிருந்து யாரும் இறங்குவதில்லை, நானும் இறங்கியதில்லை, ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் வாணலியை எட்டிப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, புகைந்து, ஓரத்தில் நுரை தங்கி நின்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேர்கிற துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதைந்து உண்டாகிற கழிவுகள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். நாம் கருவி வைத்து அளக்க முடியாது, கண்ணும் மூக்கும்தான் கருவி. தட்டில் குவித்து வைத்திருப்பதைச் சூடு பண்ணித் தருகிறேன் என்றால் வேண்டாம். மாவில் முக்கிப் போடுவதைப் பார்த்து, வந்ததும் வாங்குங்கள். அச்சடித்த செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தால் தட்டோ இலையோ கேளுங்கள், சூடான எண்ணெயில் மை ஒட்டும். அப்புறம், கையில் பொட்டலத்தோடு சாவகாசமாக நடக்காதீர்கள், குரங்குகளுக்கு உங்களைவிடப் பசி அதிகம்.

காபி விஷயத்துக்கு வருவோம். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820களில், அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து போட்டது. இருநூறு வருஷமாகக் காபி விளைகிற மலையில், தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து பாக்கெட் இன்ஸ்டன்ட் காபியைக் குடித்துவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது! "ஃபில்டர் காபியா, இன்ஸ்டன்டா?" என்று கேட்டுவிட்டு ஆர்டர் பண்ணுங்கள். ஃபில்டர் என்றால் டிகாக்ஷன் எப்போது இறக்கியது என்றும் கேட்கலாம், நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். வந்ததும் குடித்துவிடுங்கள், அந்தக் குளிரில் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் ஆறிவிடும். தூள் வாங்குகிறவர்கள் பாக்கெட்டில் சிக்கரி எவ்வளவு என்று படியுங்கள். சிக்கரி 49 சதவீதம்வரை போகலாம் என்று விதி அனுமதிக்கிறது, அதாவது பாதிக்குப் பாதி நீங்கள் வாங்குவது காபியே இல்லாமல் இருக்கலாம். நேரில் அரைத்துத் தருகிற கடையாக இருந்தால் நூற்றுக்கு இருபதுக்குமேல் சிக்கரி வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள்.

மலையில் தங்குகிறவர்கள் அறைச் சாவியை வாங்கும்போதே கேட்க வேண்டியது, ராத்திரி சமையலறை எத்தனை மணிக்கு மூடும் என்பது. ஊர் சீக்கிரம் அடங்கிவிடும், ஒன்பதரைக்குமேல் வெளியே தேடினால் பிரெட் ஆம்லெட் கிடைத்தால் அதிர்ஷ்டம். தோட்ட வீடுகளில் சொல்லிவைத்தால் சமைத்துத் தருவார்கள், ராகிக் களியும் கீரையும் கேட்டுப் பாருங்கள், ரிசார்ட் பஃபேயைவிட எவ்வளவோ மேல். பில்லையும் படியுங்கள். சாதாரண ரெஸ்டாரண்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அறை வாடகை 7,500 ரூபாய்க்குமேல் போகிற பெரிய ஓட்டல்களுக்குள் இருப்பதற்கு 18. காம்பொசிஷன் திட்டத்தில், அதாவது விற்பனையில் ஒரு சின்னப் பங்கைக் கடையே வரியாகக் கட்டிவிடுகிற ஏற்பாட்டில், இருக்கிற சின்னக் கடைகள் வரி என்று தனியாக வாங்கவே கூடாது. சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் போட்டிருந்தால் அது கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம். அதற்குப் பதில் பரிமாறியவர் கையிலேயே கொடுத்தால் அவருக்கு நேராகப் போய்ச் சேரும்.

சரி, சாயங்காலம் இறங்குகிறீர்கள். இப்போதுதான் சேலம் சாப்பிட ஆரம்பிக்கும். வேறு எது தவறினாலும் தட்டுவடை செட் தவறக் கூடாது. தட்டை மாதிரி மொறுமொறுப்பான, ஒரே வாயில் போகிற அளவுக்குச் சின்னத் தட்டுவடைகளை வரிசையாகப் பரப்பி, ஒன்றில் பூண்டும் மிளகாயும் அரைத்த சிவப்புச் சட்னி, அடுத்ததில் புதினா கொத்தமல்லிப் பச்சைச் சட்னி என்று தடவி, நடுவில் துருவின பீட்ரூட், காரட், பொடிசாக அரிந்த வெங்காயம் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையால் மூடிக் கொடுப்பார்கள். கடைக்காரரின் கை போகிற வேகத்தைப் பார்ப்பதே பாதி வேடிக்கை. தட்டு கைக்கு வந்ததும் கதை பேசாமல் சாப்பிடுங்கள், சட்னி ஊறிவிட்டால் மொறுமொறுப்பு போய்விடும், அப்புறம் அதில் ஒன்றுமில்லை. கடித்துப் பாதி வைப்பதும் சரிப்படாது, காய் எல்லாம் சட்டையில் கொட்டும். முதல் தட்டு சாதா செட், அடுத்தது மாங்காய் செட்டோ பூண்டு செட்டோ, அதற்கும்மேல் வயிற்றில் இடமிருந்தால் நொறுக்கல்: தட்டுவடையை உடைத்து, காயும் சட்னியும் போட்டுக் கிண்ணத்தில் கலக்கித் தருவது. முட்டை நொறுக்கலும் உண்டு. ஐந்து பேர் போனால் ஆளுக்கொன்று சொல்லாமல் இரண்டு இரண்டாக வாங்கிப் பகிர்ந்தால் எல்லாவற்றையும் ருசி பார்க்கலாம்.

ராத்திரிக்கு அசைவம் என்றால் பரோட்டா, சால்னா, கூடவே கலக்கி. முட்டை முழுசாக வேகாமல் குழைவாக இருப்பதுதான் கலக்கி, அது பிடிக்காதவர்கள் ஆம்லெட்டே சொல்லிவிடுங்கள், நன்றாக வேகவைக்கச் சொன்னால் மாஸ்டர் முகம் போகிற போக்கே சரியிருக்காது. மட்டனுக்கு இந்த மாவட்டத்துக்கென்றே மேச்சேரி ஆடு இருக்கிறது, செம்மறியா வெள்ளாடா என்று கேட்டு வாங்குகிறவர்கள் இங்கே நிறைய. மீன் சாப்பிடுவதானால் டேம் மீனா, கடல் மீனா என்று கேளுங்கள். கடல் எங்கேயோ இருக்கிறது, ஐஸில் வந்து சேரும். மேட்டூர் அணை 1934-இல் கட்டியது, அதன் நீர்த்தேக்கத்தில் பிடிக்கிற கட்லா, ரோகு, ஜிலேபிதான் நமக்குப் பக்கம். ஏப்ரலிலிருந்து ஜூன்வரை வந்தால் சாப்பாட்டுக்கு மேல் ஐஸ்கிரீம் வாங்காதீர்கள், கடைவீதியில் மல்கோவாவும் இமாம்பசந்தும் குவிந்து கிடக்கும்.

ஊருக்குத் தட்டுவடை வாங்கிப் போகிறவர்கள் செட்டாகக் கட்டித் தரச் சொல்லாதீர்கள், ரயில் கிளம்புவதற்குள் நமத்துப்போகும். வெறும் தட்டுவடையை பாக்கெட்டாக வாங்கிக்கொண்டு, சட்னிக்கு இரண்டு சின்ன எவர்சில்வர் டப்பா கையோடு எடுத்துப் போங்கள். 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, சட்னியைக் காகிதத்தில் கட்ட முடியாது. காயை வீட்டில் துருவிக்கொள்ளலாம், சட்னியை மட்டும் மறுநாளுக்கு வைக்காதீர்கள்.