விஸ்லரில் பிள்ளைகளோடு காட்டு நடை: ரயில்பெட்டிகள் வரை போய்வர

கனடாவின் மலையூரான விஸ்லருக்குக் கோடையில் போகிறவர்கள் முதலில் கேபிள் கார் டிக்கெட்டைத்தான் விசாரிக்கிறார்கள். மலைமேல் இருக்கும் பாதைகள் அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் ஜூலையிலும் அங்கே பனி கிடக்கும், காற்று குத்தும், நாலு வயதுப் பிள்ளை அரைமணியில் ‘தூக்கு’ என்று நிற்கும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அடிவாரக் காடே சரி. அங்கேயும் வெறும் மரங்களைப் பார்க்கப் பிள்ளைகள் நடக்காது. போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். அதற்கு ‘ட்ரெயின் ரெக்’ (ரயில் விபத்து) பாதையைவிடப் பொருத்தமானது இந்த ஊரில் இல்லை. போகவர சுமார் 2 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் இல்லை, நடுவில் ஒரு தொங்குபாலம், முடிவில் காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் ஏழு சரக்கு ரயில்பெட்டிகள்.

எங்கிருந்து தொடங்குவது

இதில்தான் பலர் தவறுகிறார்கள். 2016இல் தொங்குபாலம் வருவதற்கு முன், ஊரின் தென்கோடியிலுள்ள ஃபங்ஷன் ஜங்ஷன் பக்கமிருந்து தண்டவாளத்தின் மேலேயே நடந்துதான் பெட்டிகளைப் பார்க்கப் போவார்கள். பழைய பயணக் குறிப்புகளில் இன்னும் அந்த வழிதான் இருக்கிறது. அதைப் பின்பற்ற வேண்டாம். தண்டவாளத்தில் நடப்பது அத்துமீறல், அபராதம் உண்டு. பாறையைக் குடைந்து பாதை போட்ட இடங்களில் ரயில் வந்தால் ஒதுங்கி நிற்க இடமும் கிடையாது.

சரியான வழி இது: வான்கூவரிலிருந்து 99ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் வந்தால், ஊரின் மையமான விஸ்லர் கிராமத்துக்கு முன்பே ஃபங்ஷன் ஜங்ஷன் சிக்னல் வரும். அங்கே வலப்பக்கம் சீக்கமஸ் லேக் ரோட்டில் திரும்பி, லெகசி வே வழியாகச் சீக்கமஸ் கிராசிங் குடியிருப்புக்குள் போங்கள். 2010 ஒலிம்பிக்கில் விளையாட்டு வீரர்கள் தங்கிய இடம் இது. அதற்குள் ஜேன் லேக்ஸ் ரோட்டில் பாதையின் தொடக்கமும் வண்டி நிறுத்துமிடமும் இருக்கின்றன. கோடைச் சனி, ஞாயிறுகளில் காலை பத்து மணிக்குள் போனால் இடம் தேடி அலைய வேண்டாம். கார் இல்லாதவர்கள் கிராமத்திலிருந்து இந்தக் குடியிருப்புக்கு வரும் நகரப் பேருந்தைப் பிடிக்கலாம். கழிப்பறை வேலையைக் கிராமத்திலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எவ்வளவு நேரம், என்ன எடுத்துப் போவது

பெரியவர்கள் மட்டும் என்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பிள்ளைகளோடு போனால் போக முக்கால் மணி, பெட்டிகளிடம் முக்கால் மணி, திரும்ப முக்கால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலத்துக்குப் போகும்போது லேசான இறக்கம், திரும்பும்போது அதே அளவு ஏற்றம். ஆகவே ‘போகும்போது நன்றாக நடந்தானே’ என்று நம்பி ஏமாறாதீர்கள். களைப்பு திரும்பும் வழியில்தான் தெரியும். கொறிக்க வைத்திருப்பதில் பாதியை அதற்காக ஒதுக்கி வையுங்கள்.

தண்ணீர் பெரியவருக்கு ஒரு லிட்டர், பிள்ளைக்கு அரை லிட்டர். வழியில் ஆறு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது சீக்கமஸ் ஆறு, மலைப்பனி உருகி வேகமாக ஓடும், கரைக்கு இறங்குகிற இடமில்லை. ஜூன், ஜூலையில் கொசு அதிகம், கொசு மருந்து வேண்டும். வெயில் அடித்தாலும் ஆளுக்கொரு மழைக்கோட்டு பைக்குள் இருக்கட்டும். ஜீன்ஸ், பருத்தி பனியன் எல்லாம் நனைந்தால் எளிதில் காயாது, பிள்ளை குளிரில் நடுங்கும். சீக்கிரம் உலரும் பாலியெஸ்டர் போதும், விலை உயர்ந்த மலையேற்ற உடை தேவையில்லை. செருப்பு மட்டும் கூடாது. பாதை தொடக்கத்தில் அகலமான சரளைப் பாதை. போகப்போகக் குறுகி, சீடர், ஹெம்லாக் மரங்களின் வேர்கள் படிக்கட்டு மாதிரி குறுக்கே ஓடும். மழை பெய்த மறுநாள் இந்த வேர்கள் பாசி பிடித்த கிணற்றுப்படி போல வழுக்கும். வேரின் மேல் மிதிக்காமல் வேருக்கு இடையில் மிதிக்கப் பிள்ளைக்கு முதல் பத்து நிமிடத்திலேயே பழக்கிவிடுங்கள்.

தள்ளுவண்டி இதே வேர்களில் சிக்கிக்கொள்ளும். கைக்குழந்தை என்றால் முதுகில் சுமக்கும் பைதான் வழி.

தொங்குபாலம்

பாலம் ஆடும். ஓடினால் இன்னும் ஆடும். பயப்படுகிற பிள்ளைக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராக நடந்து, கீழே ஆற்றைப் பார்க்காமல் எதிர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இழுத்துக்கொண்டு போனால் நடுவில் நின்று அழும். எதிரே வருகிறவர்களுக்கும் வழியில்லாமல் போகும். கூட்டம் குறையும்வரை கரையிலேயே காத்திருந்து கடப்பது நல்லது.

பெட்டிகளிடம்

பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி: ரயில் கவிழ்ந்திருந்தால் மரங்கள் ஏன் முறியவில்லை? நல்ல கேள்விதான். 1956இல் பசிபிக் கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வேயின் சரக்கு ரயில் ஒன்று, மணிக்கு 15 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாத வளைவில் 35 மைல் வேகத்தில் வந்து தடம் புரண்டது. பெட்டிகள் கவிழ்ந்தது இந்த இடத்தில் இல்லை. பாறை இடுக்கில் சிக்கிக்கொண்ட பெட்டிகள் வழியை அடைத்துவிட்டன. பக்கத்தில் மரம் வெட்டும் தொழில் செய்துகொண்டிருந்தவர்கள் தங்கள் இயந்திரங்களால் அவற்றை இழுத்துவந்து காட்டோரம் தள்ளினார்கள். அதன் பிறகு காடு அவற்றைச் சுற்றி வளர்ந்தது. இந்தக் கதையை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். பெட்டிகளைச் சுற்றவிட்டு அவர்களையே துப்பறியச் சொன்னால் அரைமணி நேரம் தானாக ஓடும்.

பெட்டிகள் முழுக்க ஸ்பிரே பெயிண்ட் ஓவியங்கள். படமெடுக்கக் காலை பத்து மணிக்கு மேல் வெளிச்சம் போதும். காலை சீக்கிரத்திலும் மழைமேகம் மூடிய நாளிலும் காட்டுக்குள் இருட்டாக இருக்கும். ஏறுவது மட்டும் வேண்டாம். தரைப்பலகை சில இடங்களில் இற்றுப்போயிருக்கும், தகரத்தின் விளிம்புகள் துருப்பிடித்துக் கத்தி மாதிரி நிற்கும். ஒரு சின்ன முதலுதவிப் பை இருக்கட்டும். மலைச் சைக்கிள்காரர்களும் இங்கே வருவார்கள். சக்கரச் சத்தம் கேட்டால் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது எக்காரணம் கொண்டும் ‘குறுக்குவழி’ என்று தண்டவாளத்தைப் பிடிக்க வேண்டாம். வந்த பாலம்தான் வழி.

கரடி

விஸ்லர் முழுக்கக் கருங்கரடியின் இடம், குடியிருப்புகளுக்குள்ளும் வரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விழித்திருக்கும் காலம். திடீரென்று முகத்துக்கு முகம் சந்திப்பதுதான் ஆபத்து, ஆகவே பேசிக்கொண்டே நடங்கள். மணி கட்டுவதைவிட மனிதக் குரல் நன்றாகக் கேட்கும். பிள்ளைகளோடு போனால் இது தானாகவே நடந்துவிடும். ஆற்றுப் பக்கம் தண்ணீர் இரைச்சலில் குரல் அடங்கும், அங்கே கொஞ்சம் உரக்க. பிள்ளைகள் முன்னால் ஓடி மறையும் தூரம் போகக்கூடாது, இதுதான் முதல் விதி.

எதிரே பட்டால் ஓடாதீர்கள். ஓடினால் துரத்தும் எண்ணம் வரலாம். பிள்ளைகளைக் கூட்டிப் பின்னால் நிறுத்தி, தணிந்த குரலில் பேசியபடி, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். கரடி போவதற்கு வழியை விடுங்கள். கரடியை விரட்டும் ஸ்பிரே வாங்கினால் அது இடுப்பில் இருக்க வேண்டும், பைக்குள் புதைந்திருந்தால் பயனில்லை. காலாவதித் தேதியைப் பாருங்கள். பீய்ச்சுவது சில மீட்டர் தூரம்தான், அதனால் பதற்றத்தில் எட்டத்திலேயே வீணாக்காதீர்கள். கொசு மருந்து போல உடம்பில் பூசுவதும் நடந்திருக்கிறது, அது மிளகாய்ச் சாறு! விமானத்தில் எந்தப் பெட்டியிலும் எடுத்துப் போக முடியாது, உள்ளூரில்தான் வாங்க வேண்டும்.

கையில் கட்டிப்போன எலுமிச்சைச் சாதத்தையும் இதே கணக்கில் சேருங்கள். மிச்சத்தை, வாழைப்பழத் தோலைக்கூட, காட்டில் வீசாதீர்கள். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடி குடியிருப்புக்கு வந்து, கடைசியில் கொல்லப்படும். எல்லாவற்றையும் உறையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். நாய் கூட்டிப்போனால் கயிற்றோடு.

குளிர்காலத்தில்

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பாதை மூடப்படுவதில்லை; மிதிபட்ட பனி கல்லாக இறுகிவிடும். அப்போது காலணிக்கு அடியில் மாட்டும் முள் சங்கிலி கட்டாயம். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டும், மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். 99ஆம் நெடுஞ்சாலையில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை காருக்குக் குளிர்கால டயர் சட்டப்படி வேண்டும். வாடகைக் கார் எடுக்கும்போது கேட்டு வாங்குங்கள். டயரில் மலைச்சின்னமும் பனிச்செதிலும் அச்சிட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

எந்தக் காலமானாலும் காரைப் பூட்டிவிட்டு நடங்கள். பிஸ்கட் துகள், காலி ஜூஸ் டப்பா எதுவும் சீட்டில் கிடக்கக் கூடாது. கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறக்கத் தெரிந்த கரடிகள் இந்த ஊரில் உண்டு.