பழைய பைக் எஞ்சின் பாகங்களில் ஏறிய கரியையும் பிசுக்கையும் எடுப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஓடும் பழைய பைக்குகளில் கரி சீக்கிரமே ஏறிவிடும். சமவெளிக்கு ஏற்றபடி அமைத்த கார்புரேட்டர், காற்றின் அடர்த்தி குறைந்த மலையில் தேவைக்கு மேல் பெட்ரோலைக் கலந்து தரும். முழுசாக எரியாத மிச்சம் பிஸ்டன் தலையிலும் சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டிலும் படியும்.

எஞ்சினைப் பிரித்தாயிற்று. இப்போது ஒரு காந்தம் எடுத்து ஒவ்வொரு பாகத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். இரண்டையும் தனித்தனித் தட்டில் வையுங்கள். காஸ்டிக் சோடா கலந்த எதையும் அலுமினியத்தில் ஊற்றாதீர்கள், அரித்துவிடும்.

வெளிப்பிசுக்கை மூங்கில் சிம்பால் வழித்துவிட்டு, பாகங்களை டீசலில் ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். வேலையில் பாதி இந்த ஊறலிலேயே முடிந்துவிடும், அவசரப்பட வேண்டாம். பெட்ரோல் கூடவே கூடாது. குளிருக்குக் கதவைச் சாத்திக் கணப்பு மூட்டும் ஊர் இது. பெட்ரோல் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். டீசல் வேலையையும் வெளியில், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பிஸ்டனுக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். தலையில் இருக்கும் கரியை மரத்துண்டால் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் கீறிவிடும், உப்புத்தாளின் மணல் உள்ளே தங்கிவிடும். ரிங் உட்காரும் பள்ளத்துக்கு உடைந்த பழைய ரிங் துண்டைவிட நல்ல கருவி கிடையாது. அந்தப் பள்ளத்தில் இருந்த ரிங்கே அளவாகப் பொருந்தும். முனையை உள்ளே வைத்து மெதுவாக இழுத்தால் கரி கறுப்புப் பொடியாக உதிரும். வெள்ளியாக மின்னும் துகள் கூட வந்தால் உடனே நிறுத்துங்கள், அது பிஸ்டனின் உலோகம். கீழே ஆயில் ரிங் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றைப் பல்குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். அடைத்திருந்தால் ஆயில் மேலேறி எரிந்து புகை தள்ளும்.

அப்புறம் கார்புரேட்டர். ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த சுடுதண்ணீரில் பாடியைப் போட்டு பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பெட்ரோல் பாயும் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டுதான் ஜெட், அதற்குள் கம்பி விடாதீர்கள். பித்தளை மெத்தென்று இருக்கும். துளை கொஞ்சம் பெரிதானாலும் மைலேஜ் போச்சு. காற்றடித்தால் போதும்.

கடைசியில் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் அலசி உடனே துடையுங்கள். மழைக்காலத்தில் இங்கே வெயிலை நம்ப முடியாது. டீசல் வாடை சுத்தமாகப் போனபின் ஹேர் டிரையரால் காயவைத்து, இரும்புப் பாகங்களுக்குக் கையோடு எஞ்சின் ஆயில் தடவிவிடுங்கள். பனியில் ஒரு ராத்திரி சும்மா கிடந்தாலே செந்துரு பூத்துவிடும்.

அழுக்கு டீசலை ஓடையில் ஊற்றாதீர்கள். குன்னூர் ஆறு இறங்கிப் போய்ச் சேர்வது பவானியில். மூடிய டின்னில் வைத்தால் கசடு அடியில் தங்கும். தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுத்துக்கொண்டு, கசடைப் பழைய ஆயில் சேர்த்துவைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.