ஆயாவின் கணக்கு நோட்டை ஊர்க்கதையோடு பகிர்வது எப்படி?

எங்கள் ஆயா (அம்மாவைப் பெற்றவர்) போன பிறகு பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியில் நாலு நோட்டு கிடைத்தது. அதை டைரி என்று சொல்லியிருந்தால் ஆயாவே சிரித்திருப்பார். சேலம் அம்மாபேட்டையில் தறி ஓடிய வீடு. பாவு (தறியில் ஏற்றும் நூல்) வந்த நாள், கூலி வாங்கிய நாள், கீரை விலை, யாருக்குக் காய்ச்சல் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் கிடக்கும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருந்தால், நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டது உதவலாம்.

முதலில் போட்டோ

படிக்க உட்காராதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை புரட்டும்போதும் ஓரம் உதிரும். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், அட்டை முதல் கடைசி வெற்றுப் பக்கம் வரை எடுங்கள். நடுவில் செருகியிருக்கும் ரசீது, காலண்டர் தாள் எதுவானாலும், இருந்த இடத்திலேயே ஒரு படம் எடுத்த பிறகுதான் கையில் எடுக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு தகவல். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். படங்களுக்கு "நோட்டு1_பக்கம்012" என்று பெயர் வைத்தால் போதும்.

எழுத்தைப் படிப்பது

இங்கேதான் நேரம் பிடிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளிக்கூடம் போனவர்கள் லை, னை எழுத்துகளைத் துதிக்கை வைத்து எழுதுவார்கள். றா, னா வேறு வடிவத்தில் இருக்கும். இரண்டு நாளில் கண் பழகிவிடும். என்னைப் படுத்தியது குறியீடுகள்தான். ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௹ ரூபாய், ௸ மேற்படி. இந்தக் கடைசிக் குறியைப் பேனா ஓட்டிப் பார்த்த கிறுக்கல் என்று ஒரு மாதம் விட்டுவிட்டேன். "௸யாருக்கு 2 ரூ" என்றால் மேலே சொன்ன அதே ஆளுக்கு இரண்டு ரூபாய். பத்துப் பேருக்குக் கொடுத்ததாக நான் நினைத்த கடன் முழுக்க ஒரே ஆளுக்குப் போயிருக்கிறது!

இந்தக் குறிகள் எல்லாம் யூனிகோடில் இருக்கின்றன. போன் கீபோர்டில் இல்லாவிட்டால் மேலே இருப்பதைக் காப்பி செய்துகொள்ளுங்கள். தட்டச்சு செய்யும்போது "வெள்ளிக்கெழம" என்று இருந்தால் அப்படியே அடியுங்கள், திருத்தாதீர்கள். புரியாத சொல்லுக்குப் புள்ளி வையுங்கள், சந்தேகமானதற்குக் கேள்விக்குறி போடுங்கள்.

வருடத்தைக் கண்டுபிடிப்பது

ஆயா இங்கிலீஷ் வருடமே எழுதவில்லை. ஒரு நோட்டில் "ஹேவிளம்பி ௵" என்று மட்டும் இருந்தது. அறுபது வருடச் சுற்று என்பதால் அது 1897, 1957, 2017 மூன்றில் ஒன்று. அதே நோட்டில் இந்த வரி:

"அரையணாக் கீரை இனிமே 3 நயா பைசாவாம். கீரக்காரி 4 கேக்கறா. வாங்கல."

1957 ஏப்ரல் 1 அன்றுதான் ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்குப் போய் 100 நயா பைசா வந்தது. ஆக, வருடம் 1957. 1964இல் "நயா" என்ற சொல்லை அரசு எடுத்துவிட்டது. சனங்கள் வாயில் அதற்குப் பிறகும் இருந்ததால் அதை மட்டும் நம்பி வருடம் போடாதீர்கள். கிழமையும் எழுதியிருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள்.

ஊரைச் சேர்ப்பது

சேலம் என்றதும் மாடர்ன் தியேட்டர்ஸ், ராஜாஜி, 1937இல் மதுவிலக்கு முதன்முதலில் வந்த ஜில்லா, 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாடு என்று அடுக்கத் தோன்றும். நானும் முதலில் அடுக்கினேன். ஆயா எழுதிய மூன்று வரி அதற்கடியில் காணாமல் போய்விட்டது. அந்த வரியைப் படித்ததும் எழும் கேள்விக்கு மட்டும் ஊர்க்கதையிலிருந்து பதில் எடுங்கள்.

கீரை வரிக்கு நான் எழுதிய குறிப்பு இதுதான்: "ஒரு அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. அப்படியானால் அரையணா மூன்றும் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) பைசாவும். அரைக்கால் பைசாவுக்குக் காசு கிடையாது. கீரைக்காரி மேலே ஏற்றினார், ஆயா கீழே இறக்கினார்."

இன்னொரு இடத்தில் தர்மபுரியில் பெண் கொடுத்ததைப் பற்றி "நம்ம ஜில்லாதானே" என்று எழுதியிருந்தார். தப்பு என்று நினைத்துத் திருத்தப் போனேன். நல்லவேளை, தேடிப் பார்த்தேன். தர்மபுரி 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. நாமக்கல் 1997 வரை கூடவே இருந்தது. பழைய ஊர்ப்பெயர், தாலுகா விவரங்களுக்கு 1918இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் கெஜட்டியர் (ஜில்லா விவரங்களைத் தொகுத்த அரசு நூல்) நல்ல துணை.

"குகை வண்டி வேடிக்கை பாத்தாச்சு. செருப்பு தொலஞ்சுது" என்ற வரிக்குச் சேலத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காக, குகை என்பது சேலத்தில் ஒரு பகுதி, அங்கே ஆடித் திருவிழாவில் சாமி வேடம் கட்டியவர்கள் அலங்கார வண்டிகளில் வருவார்கள் என்று ஒரு வரி சேர்த்தேன். செருப்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

வெளியிடும் முன்

எழுதியவர் இறந்த பிறகு எழுத்தின் உரிமை வாரிசுகளுக்குப் போகிறது. அதனால் அம்மா, மாமா, சித்தி எல்லோரிடமும் சம்மதம் கேளுங்கள். கடன் வாங்கியவர்கள் பேரை எடுத்துவிடுங்கள். அவர்கள் பேரப் பிள்ளைகள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். அம்மா இரண்டு பக்கங்களை வேண்டாம் என்றார், நான் காரணம் கேட்கவில்லை.

முக்கியமாக, வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "சின்னவனுக்கு ரெண்டு நாளா கழிச்சல். ஒண்ணும் திங்கல. ராத்திரி முழுக்கப் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன்" என்ற வரிக்குக் கீழே, மாமாவின் குழந்தைப் பருவத்தைப் பற்றி உருக்கமாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். சித்தி போனில் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது மாமா இல்லடா, கன்னுக்குட்டி."

பத்தியை எடுத்துவிட்டேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.